பத்து பவுண்டு அபராதமும் ஒரு வாக்கியமும்

நீதி வழங்கப்பட்டால் மட்டும் போதாது, அது வழங்கப்படுவது ஐயத்துக்கு இடமின்றிக் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும் என்ற கருத்தைக் கேள்விப்படாதவர் நம்மில் அரிது. பட்டமளிப்பு விழா உரைகளிலும், நாளிதழ்த் தலையங்கங்களிலும், அரசியல்வாதிகள் தமக்கு எதிரான தீர்ப்பைக் குறைகூறும் அறிக்கைகளிலும் அது தவறாமல் வந்துவிடும். கேட்பவர் இது ஏதோ மாபெரும் அரசியல் சாசன வழக்கில் பிறந்தது என்றோ, ஓர் அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த போராட்டத்தின் விளைவு என்றோ எண்ணிக்கொள்வார். உண்மையில் அது ஒரு மோட்டார் சைக்கிள் வழக்கில் பிறந்தது. 1923-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் இரண்டு வாகனங்கள் மோதிக்கொண்டன. ஒருவருக்குப் பத்து பவுண்டு அபராதம் விதித்தார்கள். அவர் அதைக் கட்டிவிட்டுப் போகாமல் லண்டன் வரை சென்று வழக்காடினார்.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதை விளங்கிக்கொள்ள, அந்தக் காலத்து ஓட்டுநர் உரிமம் என்ற காகிதத்தின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் தானே இயங்கும் வண்டிகளுக்கு முதலில் கடிவாளம் போட்டது 1865-ஆம் ஆண்டுச் சட்டம். சாலையில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல். வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு நடந்து போக வேண்டும். கொடி பின்னாளில் நீங்கிவிட்டது, நடக்கும் ஆள் மட்டும் நீடித்தார். 1896 ஜனவரி 28-ஆம் நாள் கென்ட் மாவட்டத்தின் பாடக் வுட் என்ற சிற்றூர் வழியாக வால்டர் ஆர்னால்ட் என்பவர் மணிக்கு 8 மைல் என்ற அசுர வேகத்தில் தம் காரை ஓட்டிச் சென்றார். உணவருந்திக்கொண்டிருந்த காவலர் ஒருவர் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறி ஐந்து மைல் துரத்திப் பிடித்தார் என்பது கதை. வேகத்துக்காக விதிக்கப்பட்ட அபராதம் ஒரே ஒரு ஷில்லிங். ஆர்னால்ட் கார் விற்பனையில் ஈடுபட்டவர் என்பதால், இதைவிட மலிவான விளம்பரம் அவருக்குக் கிடைத்திருக்காது. அதே ஆண்டின் பிற்பகுதியில் புதிய சட்டம் வந்து, நடக்கும் ஆளையும் வீட்டுக்கு அனுப்பியது.

ஒரு ஷில்லிங் கட்டிவிட்டு ஆர்னால்ட் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் செய்த குற்றம் அவரைப் பின்தொடர்ந்து வர வழியில்லை. ஏனென்றால் அப்போது ஓட்டுநர் உரிமம் என்று ஒன்று கிடையாது, வண்டிக்கு எண்ணும் கிடையாது. இவ்விரண்டையும் கொண்டுவந்தது 1903-ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம். 1904 ஜனவரி முதல் நாளிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் பதிவெண் பலகை, ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஆண்டுக்கு 5 ஷில்லிங் கட்டணத்தில் உரிமம். தேர்வு எதுவும் இல்லை. பணம் கட்டினால் உரிமம். (லண்டனின் 'ஏ 1' என்ற முதல் எண்ணைப் பெற்றவர் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் அண்ணனான ரஸ்ஸல் பிரபு. ஆடம்பர எண்களுக்கு அலையும் வழக்கம் எண் பிறந்த நாளன்றே பிறந்துவிட்டது.) வேக வரம்பு மணிக்கு 20 மைல் என்று உயர்ந்தது.

நம் கதைக்கு முக்கியமானது அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு. வண்டி ஓட்டியது தொடர்பான எந்தக் குற்றத்துக்குத் தண்டனை விதித்தாலும், நீதிமன்றம் அந்த விவரத்தை ஓட்டுநரின் உரிமத்திலேயே எழுதிவிட வேண்டும் என்றது அது. வெறும் வேகக் குற்றமாக மட்டும் இருந்தால் முதல் இரண்டு முறைக்கு விலக்கு உண்டு. மூன்றாவது முறை எழுதப்படும். என்டார்ஸ்மென்ட் என்று இன்றுவரை வழங்கும் சொல்லின் தொடக்கம் இங்கேதான். குற்றம் இப்போது நீதிமன்றப் பதிவேட்டில் தூங்கிக்கிடப்பதில்லை. குற்றவாளியின் சட்டைப் பையிலேயே அது பயணம் செய்கிறது. அடுத்த ஊர் மாஜிஸ்திரேட் கையை நீட்டி உரிமத்தைக் கேட்டால் பழைய வரலாறு முழுவதும் அவர் கண்முன் விரியும்.

செல்வந்தர்களுக்கு இது ஒரு அவமானம். அவர்களிடம் சம்பளத்துக்கு வண்டி ஓட்டியவர்களுக்கோ இது பிழைப்பு. உரிமத்தில் கறை இருந்தால் அடுத்த முதலாளி வேலை தர யோசிப்பார். முதலாளி அவசரப்படுத்தியதால் வேகமாக ஓட்டியிருந்தாலும் எழுதப்படுவது ஓட்டுநரின் பெயருக்கு நேராகத்தான். அபராதத்தை முதலாளி கட்டிவிடலாம். உரிமத்தில் எழுதியதை எந்த முதலாளியாலும் கட்டித் தீர்க்க முடியாது. அபராதத்தை எதிர்த்து வழக்காடுவதற்கும் உரிமத்தில் விழும் எழுத்தை எதிர்த்து வழக்காடுவதற்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது. முன்னதைப் பலர் சலிப்போடு கட்டிவிடுவார்கள். பின்னதற்குத்தான் வக்கீல் பிடித்தார்கள்.

* * *

அதே 1903 சட்டம் ஓட்டுநருக்கு இரண்டு கேடயங்களையும் தந்தது. இவற்றைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்லத் தோன்றுகிறது.

முதலாவது, ஒரே ஒரு சாட்சி 'என் கண்ணுக்கு வேகமாகத்தான் தெரிந்தது' என்று சொல்வதை மட்டும் நம்பி வேகக் குற்றத்துக்குத் தண்டிக்கக் கூடாது. இரண்டாவது, வழக்குத் தொடரப்போகிறோம் என்பதை அப்போதே ஓட்டுநரிடம் சொல்லிவிட வேண்டும். தவறினால், குறிப்பிட்ட நாட்களுக்குள் அவருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ அறிவிப்பு அனுப்ப வேண்டும். அன்று கொடுத்த கெடு 21 நாள். இதன் நியாயம் எளிது. மூன்று மாதம் கழித்து வந்து, 'மார்ச் மாதம் நான்காம் தேதி மாலை நீ எவ்வளவு வேகத்தில் போனாய்?' என்று கேட்டால் எவரால் பதில் சொல்ல முடியும்? உடன் வந்தவர் யார், சாலையில் கூட்டம் இருந்ததா என்பதெல்லாம் நினைவில் இருக்கும்போதே எதிர்வாதம் செய்ய வாய்ப்பு வேண்டும்.

இவ்விரண்டு விதிகளும் கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தன. இந்தியாவின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். வேகத்துக்கான தண்டனையைச் சொல்லும் 183-ஆம் பிரிவு, கருவியின் துணையில்லாத ஒற்றைச் சாட்சியின் அபிப்பிராயத்தை மட்டும் வைத்துத் தண்டிக்கலாகாது என்கிறது. 209-ஆம் பிரிவு, வேகக் குற்றத்திலும் ஆபத்தாக ஓட்டிய குற்றத்திலும் அங்கேயே எச்சரித்திருக்க வேண்டும், அல்லது 14 நாட்களுக்குள் அறிவிப்போ 28 நாட்களுக்குள் அழைப்பாணையோ வந்திருக்க வேண்டும் என்கிறது. உரிமத்தில் எழுதும் வழக்கமும் அப்படியே வந்தது. ஆனால் அதில் ஒரு கருணையும் உண்டு. 24-ஆம் பிரிவின்படி, மூன்றாண்டுகள் புதிய கறை எதுவும் விழாமல் ஓட்டியவர் பழைய எழுத்துகள் இல்லாத புதிய உரிமத்தைப் பெறலாம். வேகக் குற்றம் மட்டும்தான் என்றால் ஓராண்டே போதும். சாலையோரத்தில் காவலரிடம் சமரசம் பேசும் நம் கலையில் இருக்கும் தேர்ச்சிக்கு முன்னால் இந்தப் பிரிவுகள் எல்லாம் படிக்கப்படாத பழைய ஏடுகளாகவே கிடக்கின்றன.

இங்கிலாந்துக்குத் திரும்புவோம். ஒற்றைச் சாட்சி போதாது என்று சட்டம் சொன்னதும் காவல்துறை கையில் கடிகாரத்தை எடுத்தது. சாலையில் ஒரு தூரத்தை அளந்துகொள்வார்கள். ஒரு முனையில் ஒரு காவலர் வேலிக்குள் ஒளிந்திருப்பார். மறு முனையில் இன்னொருவர். கார் முதல் முனையைக் கடக்கும்போது கைக்குட்டையால் சைகை, உடனே நிறுத்து கடிகாரம் ஓடத் தொடங்கும். 220 கஜத்தை 22.5 நொடியில் கடந்தால் சரியாக மணிக்கு 20 மைல். அதைவிடக் குறைந்தால் குற்றம். ஆனால் சைகையைப் பார்த்துப் பொத்தானை அழுத்துவதில் ஒரு நொடி பிசகினால் என்ன ஆகும்? 21.5 நொடி என்று காட்டும். அப்போது வேகம் ஏறத்தாழ 21 மைல். தூரத்தை 110 கஜமாகக் குறைத்துவிட்டால் அதே ஒரு நொடிப் பிசகு 20 மைலை ஏறக்குறைய 22 மைலாக்கிவிடும். சட்டத்துக்கு உட்பட்டவன் ஒரு காவலரின் கட்டைவிரல் தாமதத்தால் குற்றவாளி ஆகிறான். ஆகவே நீதிமன்றத்தில் வாதம் பெரும்பாலும் கடிகாரத்தைப் பற்றியும் அளந்த சங்கிலியைப் பற்றியுமே நடந்தது. இயந்திரத்தின் சாட்சியத்தை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது என்ற கேள்வியை மோட்டார் ஓட்டிகள்தாம் அந்தச் சிறு நீதிமன்றங்களில் நாள்தோறும் எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

லண்டனிலிருந்து பிரைட்டன் போகும் சாலை இத்தகைய பொறிகளுக்குப் பெயர்பெற்றது. அச்சாலையில் சைக்கிளில் ஆட்களை அனுப்பி, பொறி இருக்குமிடத்தை வருகிற கார்களுக்கு எச்சரிக்கும் ஏற்பாட்டிலிருந்து 1905-இல் பிறந்ததுதான் ஆட்டோமொபைல் அசோசியேஷன். இப்படி எச்சரிப்பது காவலரின் கடமைக்கு இடையூறா? இரண்டு வழக்குகள் இதற்கு இரண்டு விடைகளைத் தந்தன. 1907-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ள பாஸ்டபிள் எதிர் லிட்டில் வழக்கில், எச்சரிக்கப்பட்டவர்கள் அந்நேரத்தில் சட்டத்தை மீறிக்கொண்டிருந்ததாக நிரூபணம் இல்லை, எனவே இடையூறும் இல்லை என்றார்கள். 1910-ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள பெட்ஸ் எதிர் ஸ்டீவன்ஸ் வழக்கில், ஏற்கெனவே வேகமாக வந்துகொண்டிருந்தவரை எச்சரித்து மெதுவாகப் போகச் செய்ததால் சாட்சியம் அழிந்தது, ஆகவே இடையூறுதான் என்று தலைமை நீதிபதி ஆல்வர்ஸ்டோன் பிரபு முடிவு செய்தார்.

சங்கத்தார் இதற்குக் கண்டுபிடித்த வழி, சட்டப் புத்திசாலித்தனத்தின் சிகரம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சங்கத்தின் வில்லையைப் பொருத்திய வண்டி வந்தால் சாலையில் நிற்கும் அவர்கள் ஆள் சல்யூட் அடிப்பார். அடிக்காவிட்டால் வண்டியை நிறுத்தி ஏன் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பொறி இருந்தால் அவர் சல்யூட் அடிக்க மாட்டார், அவ்வளவுதான். ஒருவர் ஏன் சல்யூட் அடித்தார் என்று வழக்குப் போடலாம். ஏன் அடிக்கவில்லை என்று எந்தச் சட்டத்தில் போடுவது? இந்தச் சல்யூட் 1960-களின் தொடக்கம் வரை நீடித்தது. அதற்கெல்லாம் வெகு முன்பே அது வெறும் மரியாதையாக மாறிவிட்டிருந்தது.

* * *

இப்போது மெக்கார்த்தியின் வழக்கு.

1923 ஆகஸ்டில் மெக்கார்த்தியின் மோட்டார் சைக்கிளும் இன்னொருவரின் வாகனமும் மோதின. எதிர்த்தரப்பில் கணவன் மனைவி இருவருக்கும் காயம் என்று சொல்லப்பட்டது. இதிலிருந்து இரண்டு வழக்குகள் கிளைத்தன. பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கும்படி ஓட்டினார் என்று காவல்துறை மெக்கார்த்தி மேல் போட்டது ஒன்று. காயமடைந்தவர்கள் நஷ்டஈடு கேட்டு, ஒரு சொலிசிட்டர் நிறுவனத்தின் மூலம் அவர் மேல் எழுப்பிய உரிமை இன்னொன்று. முதல் வழக்கில் அவர் தண்டிக்கப்பட்டால் இரண்டாவதில் எதிர்த்தரப்பின் கை ஓங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வழக்கு உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகள் முன் வந்தது. இவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள். சம்பளம் கிடையாது, சட்டப் படிப்பும் கிடையாது. ஆகையால் சட்டம் தெரிந்த ஒருவர் எழுத்தராக அவர்களோடு அமர்வார். ஐயம் எழும்போது அவர் விளக்குவார். அந்த எழுத்தர் பெரும்பாலும் அவ்வூரிலேயே தொழில் செய்யும் சொலிசிட்டராகவே இருப்பார். சிற்றூரில் சட்டம் படித்தவர் எத்தனை பேர் கிடைப்பார்கள்? அன்று முறையான எழுத்தர் வராததால் அவருக்குப் பதிலாக வேறொருவர் அமர்ந்திருந்தார். அவர், மெக்கார்த்தியிடம் நஷ்டஈடு கேட்டுக்கொண்டிருந்த அதே சொலிசிட்டர் நிறுவனத்தின் பங்குதாரர்.

சாட்சியங்கள் முடிந்தன. மாஜிஸ்திரேட்டுகள் ஆலோசிக்க உள்ளறைக்குப் போனார்கள். வழக்கப்படி எழுத்தரும் அவர்களோடு போனார். திரும்பி வந்து, குற்றம் நிரூபணமாயிற்று, அபராதம் பத்து பவுண்டும் செலவும் என்றார்கள். ஓர் ஒப்புமைக்காகச் சொல்கிறேன், அது நாற்பது ஆண்டுகளுக்கான உரிமக் கட்டணம்.

மெக்கார்த்தி கிங்ஸ் பெஞ்ச் பிரிவுக்குப் போய், அத்தண்டனையை நீக்கித்தரக் கேட்டார். மாஜிஸ்திரேட்டுகள் சத்தியக் கடிதம் தாக்கல் செய்தார்கள். உள்ளறையில் எழுத்தரிடம் நாங்கள் எதையும் கேட்கவில்லை, அவரும் வழக்கைப் பற்றி வாய் திறக்கவே இல்லை, தீர்ப்பு முழுக்க முழுக்க எங்களுடையது என்பது அதன் சாரம். நீதிமன்றம் இதை அப்படியே ஏற்றுக்கொண்டது. எழுத்தர் கண்ணியமாக நடந்துகொண்டார் என்பதில் நீதிபதிகளுக்கு ஐயமே இல்லை.

அப்படியானால் வழக்கு அங்கேயே முடிந்திருக்க வேண்டுமல்லவா? ஒரு தவறும் நடக்கவில்லை. ஆயினும் 1923 நவம்பர் 9 அன்று தலைமை நீதிபதி ஹீவர்ட் பிரபுவும், அவரோடு அமர்ந்திருந்த லஷ், சாங்கி ஆகிய இரு நீதிபதிகளும் தண்டனையை ரத்து செய்தார்கள். உள்ளே என்ன நடந்தது என்பது கேள்வியே அல்ல, என்ன நடந்திருக்கலாம் என்று வெளியில் நிற்பவருக்குத் தோன்றும் என்பதே கேள்வி என்றார் ஹீவர்ட். ஒரு தரப்பின் வழக்கைச் சிவில் நீதிமன்றத்தில் நடத்தும் நிறுவனத்தின் பங்குதாரர், மூடிய கதவுக்குப் பின்னால் நீதிபதிகளோடு அமர்ந்திருக்கிறார். கதவுக்கு வெளியே நிற்கும் மெக்கார்த்தி என்ன நினைப்பார்? அவர் நினைப்பது பிழையாகவே இருக்கட்டும். அப்படி நினைக்க இடம் கொடுத்ததே போதும். இந்த இடத்தில்தான் அந்தப் புகழ்பெற்ற வாக்கியம் வருகிறது. தீர்ப்பு சில பக்கங்களுக்கு மேல் இல்லை. மெக்கார்த்தி உண்மையில் ஆபத்தாக ஓட்டினாரா என்ற ஆராய்ச்சிக்குள் நீதிமன்றம் நுழையவே இல்லை.

தீர்ப்பின் இன்னொரு பகுதி அந்த வாக்கியத்தின் நிழலில் மறைந்துபோய்விட்டது. நடைமுறையில் அபராதத்தை எதிர்த்து நிற்பவருக்கு அதுவே பெரிய பாடம். அரசுத் தரப்பு எழுப்பிய மறுப்பு இது: எழுத்தர் யார் என்று தெரிந்தும் மெக்கார்த்தி தரப்பு அப்போதே ஆட்சேபிக்கவில்லை, ஆகவே உரிமையைக் கைவிட்டுவிட்டது. இதற்கு ஹீவர்ட் ஓர் அளவுகோல் வைத்தார். குறை தெரிந்திருந்தும் வாய்மூடி இருந்து, விடுதலையானால் சரி, தண்டித்தால் அப்போது இந்தக் குறையை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சூதாடியிருந்தால் மட்டுமே அவர் உரிமையை இழப்பார். மெக்கார்த்தி தரப்பு அப்படிச் சூதாடவில்லை என்று நீதிமன்றத்துக்கு மனநிறைவு ஏற்பட்டது.

இதன் மறுபக்கத்தை நம் உச்ச நீதிமன்றம் 1957-இல் காட்டியது. மாணக் லால் எதிர் பிரேம் சந்த் என்ற வழக்கு. ராஜஸ்தானில் ஒரு வழக்கறிஞர் மீதான நடத்தை விசாரணை. விசாரித்த குழுவின் தலைவர், புகார் கொடுத்தவருக்காக அதே விவகாரத்தில் ஒருமுறை வழக்கறிஞராக ஆஜரானவர். நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பு, அக்குழு அமைக்கப்பட்டதே முறையல்ல என்று ஒப்புக்கொண்டது. நடந்ததைவிடத் தோன்றுவதே முக்கியம் என்ற சசெக்ஸ் தத்துவம் அப்படியே ஏற்கப்பட்டது. ஆனால் மாணக் லால் தோற்றார். குழுவின் முன் நின்றபோது அவர் இதைச் சொல்லவில்லை, அறிக்கை தமக்கு எதிராக வந்தபின்னே சொன்னார். மெக்கார்த்தியைக் காப்பாற்றியதும் மாணக் லாலைக் கைவிட்டதும் ஒரே விதிதான்.

தோற்றம் பற்றிய இந்தக் கவலை நமக்குப் புதியதன்று. சாலை விபத்தொன்றின் தீர்ப்பையே நம் மரபு நீதியின் உச்சமாகப் போற்றிவந்திருக்கிறது. திருவாரூர் வீதியில் கன்று தேர்க்காலில் விழுந்த வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவனின் தந்தையே நீதிபதி. கன்று திடீரென்று குறுக்கே புகுந்தது, இளவரசன் பார்க்கவில்லை என்பது பெரியபுராணமே தரும் செய்தி. மோட்டார் வக்கீல் எவருக்கும் இது முதல்தரமான எதிர்வாதம். மந்திரிகள் பரிகாரம் செய்தால் போதும் என்று வாதாடியும் பார்த்தார்கள். ஆனால் மகனுக்குச் சலுகை காட்டினான் என்று உலகம் நினைத்துவிடக் கூடாதே என்ற அச்சம், சோழனை வேறு எந்த நீதிபதியும் தரத் துணியாத தண்டனைக்குத் தள்ளியது. ஹீவர்ட் பிரபு அங்கிருந்திருந்தால் வழக்கை வேறு ஒருவருக்கு மாற்றிவிடுங்கள் என்று இரண்டு வரியில் முடித்திருப்பார்.

அந்த ஹீவர்ட் எப்படிப்பட்டவர்? லங்காஷயரில் துணிக்கடைக்காரர் ஒருவரின் மகன். பத்திரிகையாளராக இருந்து வழக்கறிஞராகி, அட்டர்னி ஜெனரலாகி, 1922-இலிருந்து 1940 வரை தலைமை நீதிபதியாக இருந்தவர். நீதியின் தோற்றத்தைப் பற்றி உலகுக்கே பாடம் சொன்ன இவரைத்தான், ஆரம்பத்திலேயே ஒரு தரப்பை வரித்துக்கொண்டு அத்தரப்புக்கே வாதாடும் நீதிபதி என்று சட்ட வரலாற்றாசிரியர்கள் பலர் குறிப்பிடுகிறார்கள். 1929-இல் ஓர் அவதூறு வழக்கை அவர் நடத்திய விதத்தை மேல்முறையீட்டு நீதிமன்றமே கண்டித்து, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. வாக்கியம் நல்லது. சொன்னவருக்கு அதைக் கடைப்பிடிக்கக் கைவரவில்லை. இலக்கியத்தில் நாம் அடிக்கடி பார்ப்பதுதானே இது.

* * *

சிறிய வழக்கை இப்படிப் பெரிதாக நடத்துவது, வழக்குகள் சிலவாக இருக்கும்வரைதான் சாத்தியம். கார்கள் லட்சக்கணக்கில் பெருகியபின், மூன்று பேர் அமர்ந்து ஒவ்வொரு வேகக் குற்றத்தையும் விசாரிப்பதென்றால் நீதிமன்றங்கள் வேறெதையும் செய்ய முடியாது. 1930-ஆம் ஆண்டுச் சட்டம் கார்களுக்கான வேக வரம்பையே எடுத்துவிட்டது. 1935-இல் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 மைல் என்று அது திரும்பி வந்தது. ஓட்டுநர் தேர்வும் அதே ஆண்டில்தான் கட்டாயமாயிற்று. 1960-இல் லண்டனில் போக்குவரத்து வார்டன்களும், நிற்கும் வண்டியில் ஒட்டப்படும் அபராதச் சீட்டும் வந்தன. முதல் நாள் சீட்டு பெற்றவர்களில் ஒருவர், மாரடைப்பு வந்த நோயாளியைப் பார்க்க ஓடிவந்த மருத்துவர். அபராதம் 2 பவுண்டு. ஊரே கொதித்து எழுந்தது, சீட்டு கைவிடப்பட்டது.

சீட்டின் தத்துவம் எளிது. இந்தத் தொகையைக் கட்டு, நாங்கள் உன்னை நீதிமன்றத்துக்கு அழைக்க மாட்டோம். எதிர்த்து நிற்க விரும்பினால் நில், ஆனால் தோற்றால் செலவும் சேர்த்துக் கட்டுவாய். உரிமை எங்கும் பறிக்கப்படவில்லை, அதைப் பயன்படுத்துவதற்கு ஒரு விலை குறிக்கப்பட்டது. 1982 நவம்பரிலிருந்து உரிமத்தில் எழுதுவது புள்ளிகளாக மாறியது. மூன்றாண்டுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் பொதுவாக ஆறு மாதம் ஓட்டத் தடை. சட்டைப் பையில் இருந்த எழுத்து கணினிக்குள் போயிற்று.

பிறகு கேமரா வந்தது. கேமராவுக்கு வண்டியின் எண் தெரியும், ஓட்டியவர் முகம் தெரியாது. ஆகவே ஓட்டியது யார் என்று உரிமையாளரே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அதுவே குற்றம் என்றது பிரிட்டிஷ் சட்டம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல எவரையும் வற்புறுத்தலாகாது என்ற பழைய விதி என்ன ஆயிற்று? இரண்டு ஓட்டுநர்கள் இந்தக் கேள்வியோடு ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். ஒருவர் 40 மைல் வரம்பில் 69 மைலில் போய், நானே ஓட்டினேன் என்று எழுதிக் கொடுத்தவர். மற்றவர் 30 மைல் வரம்பில் 47 மைல் என்று பதிவான வண்டியின் உரிமையாளர், சொல்ல மறுத்தவர். 2007 ஜூன் 29 அன்று 15-க்கு 2 என்ற பெரும்பான்மையில் இருவரும் தோற்றார்கள். கார் வைத்துக்கொள்பவர், அதோடு வரும் பொறுப்புகளையும் ஏற்றுக்கொண்டவராகிறார் என்றது தீர்ப்பு. எனக்கு அந்த இரண்டு மாற்றுக் கருத்துகளின் பக்கமே சாய்வு உண்டு என்றாலும், பெரும்பான்மையின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. சாலையில் சாவது சட்டக் கோட்பாடுகள் அல்ல, மனிதர்கள்.

ஓட்டியது யார் என்ற அந்த ஒற்றை வினாவில்தான், சட்டத்தின் நேர்வழியில் போராட மனமில்லாதவர்கள் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். வேறொருவர் பெயரை எழுதிக் கொடுத்துவிடுவது. 2003 மார்ச்சில் எம்11 சாலையில் 50 மைல் வரம்பில் 69 மைலில் போன கிறிஸ் ஹியூன், தம் புள்ளிகளை மனைவி விக்கி பிரைஸின் பெயரில் ஏற்றிவிட்டார். இதில் வேடிக்கை, அதே ஆண்டிலேயே கைப்பேசியில் பேசியபடி ஓட்டியதற்காக அவர் உரிமம் எப்படியும் போயிற்று. பிற்பாடு அவர் பிரிட்டிஷ் அமைச்சரானார், மணவாழ்வு முறிந்தது, பழைய ரகசியம் வெளியே வந்தது. 2013 மார்ச்சில் இருவருக்கும் தலா எட்டு மாதம் சிறை.

இவருக்கு முன்பே சிட்னியில் இதைவிட விசித்திரமான ஒன்று நடந்தது. மார்க்கஸ் ஐன்ஃபெல்ட் ஆஸ்திரேலியாவின் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், அந்நாட்டு மனித உரிமை ஆணையத்தின் முதல் தலைவர். மெக்கார்த்தி வழக்கை எத்தனை முறை மேற்கோள் காட்டக் கேட்டிருப்பாரோ! 2006 ஜனவரியில் அவர் கார் வரம்பைவிட மணிக்கு 10 கிலோமீட்டர் கூடுதலாகப் போனதைக் கேமரா படம் பிடித்தது. அபராதம் 77 டாலர், கூடவே உரிமத்தில் புள்ளிகள். ஐன்ஃபெல்ட் நீதிமன்றம் சென்று சத்தியம் செய்து சொன்னார்: அன்று காரை ஓட்டியது நானல்ல, அமெரிக்காவிலிருந்து வந்திருந்த என் தோழி, பேராசிரியர் தெரேசா பிரென்னன். அவர் ஒரு நீதிபதியாயிற்றே, நீதிமன்றம் நம்பி வழக்கைத் தள்ளுபடி செய்தது. பத்திரிகையாளர் ஒருவர் அந்தப் பேராசிரியர் யார் என்று தேடத் தொடங்கினார். 2009 மார்ச்சில், பொய்ச் சாட்சியத்துக்காகவும் நீதியின் போக்கைத் திரித்ததற்காகவும் ஐன்ஃபெல்டுக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது, அதில் இரண்டாண்டு கட்டாயம். அவ்வாண்டே வழக்கறிஞர் பட்டியலிலிருந்தும் அவர் பெயர் நீக்கப்பட்டது.

தெரேசா பிரென்னன் என்ற பெண்ணியத் தத்துவ அறிஞர் உண்மையில் வாழ்ந்தவர்தான். ஆனால் ஐன்ஃபெல்டின் கார் படம் பிடிக்கப்படுவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 2003-இல், ஃபுளோரிடாவில் இறந்துபோயிருந்தார். வீதியில் நடந்துசென்றபோது ஒரு கார் அவர்மேல் மோதிவிட்டு நிற்காமல் போயிருந்தது.